பக்கத்து இலை

தனசேகர் எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை. விருதுநகரில் பருப்பு மண்டி நடத்திப் பேர் வாங்கியவர். மூட்டையின் வாயில் பளபளவென்று தெரிகிற பருப்பை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். குத்தூசியை அடிவரைக்கும் செருகி, உருவி, உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்த பிறகுதான் விலை பேசவே வாயைத் திறப்பார். பல் தேய்க்கிற பிரஷ் வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்குவார். அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அடிமூட்டையைப் பார்க்காமல் ஒன்றை வாங்கிவிட்டார். அதற்குக் காரணமும் ஒரு பருப்புதான்.

அது வயிற்றுக்குள் கிடக்கிற பருப்பு. நலநிதி என்ற மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்த அத்தனை பேருக்கும் துவரம்பருப்பு அளவில் ஒரு மணியைக் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். அது போய் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு, உள்ளே வருவதையெல்லாம் மோந்து பார்த்து நலநிதிக்கு உடனே சேதி அனுப்பிவிடும். அதோடு விட்டால் பரவாயில்லை. குடும்பத்தார் போன்களுக்கும் அனுப்பும். ஒழுங்காகச் சாப்பிட்டால் பச்சை, கொஞ்சம் வழி தவறினால் மஞ்சள், அதற்கும் மேலே சிவப்பு. அதன் அலுவலகப் பெயர் உணவுச் சான்று மணி. ஊரார் அதை உள்பருப்பு என்றார்கள். ஒரு வடையை ஒளிந்து தின்ற காலமெல்லாம் மலையேறிவிட்டது. வடை தொண்டையைத் தாண்டுவதற்குள் கோயம்புத்தூரில் தானும் ஒரு மணியை விழுங்கியிருந்த மகள் நிதர்சனா போனில் கூப்பிட்டு, "அப்பா, துப்புங்க" என்பாள்.

இதையெல்லாம் தனசேகர் ஏன் பொறுத்துக்கொண்டார் என்றால், மனைவி பொன்ராணியின் முழங்காலுக்காக. பொன்ராணிக்கு வலது மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க சுவரைப் பிடிக்க வேண்டும், எழுந்தால் நடக்க இவரைப் பிடிக்க வேண்டும். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நலநிதி சம்மதித்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. பங்குனி முடிகிறபோது கணவன், மனைவி இரண்டு பேருமே பச்சையில் இருக்க வேண்டும். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களில் ஒருத்தர் கெட்டால் மற்றவரும் கெடுவார் என்பது நலநிதியின் ஞானம். யாராவது ஒருவர் சிவப்பில் நின்றுவிட்டால் ஆபரேஷன் அவ்வளவுதான், மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

தனசேகருக்கு மனைவி மேல் பிரியம் இல்லாமல் இல்லை. ராத்திரி அவள் புரண்டு படுக்கும்போது முனகினால் இவருக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் சாயங்காலம் ஆனால் நாக்கு பரோட்டாக் கடைப் பக்கம் இழுக்கும். எண்ணெயில் முங்கி முறுகி வந்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே கறிச் சால்னாவை ஊற்றி, அது ஊறுகிற நேரத்தில் ஒரு முட்டைக் கலக்கியை முடித்து, கடைசியில் ஒரு கடலை மிட்டாயை மிச்சச் சால்னாவில் தொட்டுத் தின்பார். சால்னாவில் கடலை மிட்டாய் தொட்டுத் தின்கிற ஒரே மனிதர் அவர்தான். பரிமாறுகிறவரே அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிரியம் வேறு, பரோட்டா வேறு, இரண்டையும் எதற்குப் போட்டுக் குழப்ப வேண்டும் என்பது தனசேகரின் கட்சி.

அதனால் தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த ஆஃப்ரினின் செல்போன் கடைக்குப் போனார். ஆஃப்ரின் வாயைத் திறந்தால் வியாபாரம் பேசுவாள், மூடினால் யார் ரகசியமும் வெளியே வராது. ஊரில் பாதிப் பேர் அவளிடம் போனதற்கு அதுதான் காரணம்.

"ஏம்மா, வயித்துக்கு ஏதோ வி.பி.என். வந்திருக்காமே?"

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. வந்திருக்கு. உங்க காலத்துல போனுக்குப் போட்டீங்கள்ல, இங்க உக்காந்துக்கிட்டே அமெரிக்காவுல இருக்கிற மாதிரி காட்டுமே, அதேதான். உங்க வயித்துலேருந்து போற சேதிய நடுவுல மறிச்சு வேற ஒருத்தர் வயித்துச் சேதிய உங்க பேர்ல அனுப்பிரும்."

"யாரு வயிறு?"

"அது நீங்க எடுக்கிற சர்வீஸப் பொறுத்தது. மூணு இருக்கு. பாத்து எடுங்க."

"மாதிரி குடு. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் தனசேகர். மண்டிக்காரர் அல்லவா.

முதலில் 'கவசம்' என்று ஒன்று. உசத்தியான சரக்கு, எல்லாம் வெளிநாட்டு வயிறு. ஆரோக்கியத்தில் முதலிடம் ஜப்பான் என்று போட்டிருந்ததைப் பார்த்து அதையே தொட்டார். அன்றைக்கு நிம்மதியாகப் பரோட்டாவை முடித்துக் கை கழுவுவதற்குள் மகளிடமிருந்து போன் வந்துவிட்டது.

"அப்பா, ஆக்டோபஸ் சாப்பிட்டீங்களா?"

தனசேகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"உங்க பதிவு சொல்லுது. வேக வைக்காத ஆக்டோபஸ், கடல்பாசி. விருதுநகர்ல ஆக்டோபஸ் எங்கப்பா விக்கிது?"

"தூத்துக்குடியிலேருந்து ஒருத்தர் கொண்டாந்தார்ம்மா. கணவா மாதிரிதான் இருந்துச்சு" என்று சமாளித்தார். நலநிதி அவரைப் பாராட்டி ஒரு பூங்கொத்துப் படம் வேறு அனுப்பியிருந்தது. பொன்ராணி இரண்டு நாள் அவர் குடித்த டம்ளரைத் தனியாக வைத்தாள்.

அடுத்தது 'மறைவு'. உள்நாட்டு வயிறுதான், ஆனால் ஆமை வேகம். காலையில் தின்ற இட்லி படுக்கப் போகிற நேரத்தில் வந்து விழும். போதாததற்கு மழை தூறினால் தொடர்பு அறுந்து, அறுந்த இடைவெளியில் உண்மை ஒழுகும். ஒருநாள் 'அரைப் பரோட்டா' என்று பதிவாகி, அதற்கு மேல் தொடர்பு வந்துவிட்டதால் மீதிப் பாதி கேழ்வரகுக் கூழாக மாறியிருந்தது. பரோட்டாவும் கூழும் சேர்ந்த அந்தச் சாப்பாட்டை மகளுக்கு விளக்குவதற்குள் தனசேகருக்கு வேர்த்துவிட்டது.

"உள்ளூர் சரக்கே இல்லையா?" என்று திரும்பி வந்தார்.

ஆஃப்ரின் கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு இருக்கு. 'பக்கத்து இலை'ன்னு பேரு. ஓசி. அக்கம்பக்கத்துலயே உங்களுக்குப் பொருத்தமான வயிறாத் தேடிப் பிடிச்சுக் குடுக்கும். சேதி டாண்ணு வரும், அறுக்காது. நம்ம ஊருச் சாப்பாடாவே இருக்கும்."

"இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"ஓசி அண்ணாச்சி. சும்மா யாரு குடுப்பா? நீங்க இன்னொருத்தர் வயித்த எடுத்துக்கிற மாதிரி, உங்க வயித்தையும் அது எடுத்து யாருக்காவது குடுத்துரும். நீங்க தின்னது அவங்க பேர்ல விழும். நல்லா யோசிச்சுக்கோங்க."

தனசேகர் சிரித்தார். "என் வயித்த எவன் எடுத்துட்டுப்போயி என்ன பண்ணப் போறான்? எடுத்துக்கட்டும், பாவம்."

மூட்டை மூட்டையாகக் குத்தூசி போட்ட மனிதர் இந்த மூட்டையில் போடவில்லை. ஓசி என்றதும் கை தளர்ந்துவிட்டது.

ஆனால் சரக்கு அருமை. மறுநாளே அவர் பேரில் கேப்பைக் கூழ், அகத்திக்கீரை, சுரைக்காய்க் கூட்டு என்று வரிசையாக விழுந்தது. யாரோ புண்ணியவான், சொல்லி வைத்த மாதிரி பத்தியம் இருக்கிறான் என்று மனதார வாழ்த்தினார். தனசேகர் பச்சையாகப் பச்சையானார். "அப்பா, நீங்களாப்பா இது?" என்று மகள் நெகிழ்ந்தாள். அவரும் அடக்கமாக, "எல்லாம் உங்கம்மாவுக்காகத்தான்" என்றார். சொல்லும்போது கொஞ்சம் கூசியது. சாயங்காலம் சால்னா வந்ததும் கூச்சம் போய்விட்டது.

இதற்கிடையில் பொன்ராணியின் பச்சை வெளுத்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. நிதர்சனா கேட்டபோது, "என்னமோ எண்ணெய்ப் பலகாரத்து மேல ஆசையா இருக்கு" என்று பொன்ராணி சொன்னது தனசேகர் காதிலும் விழுந்தது. அவளுக்கும் ஒரு நாக்கு இருக்கிறதே என்று நினைத்தாரே தவிர, பதிவை எடுத்துப் பார்க்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்கே தெரியும்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறியது. பொன்ராணி வருஷா வருஷம்போல மஞ்சள் கயிற்றைக் கையில் காப்பாகக் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை கறி, மீன், முட்டை எதையும் கையால் தொடுவதுகூட இல்லை. வீட்டிலும் சமைப்பதில்லை. தனசேகர் கையில் காப்பு இல்லை. ஆகவே அம்மன் கணக்கில் தான் வரமாட்டோம் என்று அவராகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு கடைக்குப் போனார்.

திரும்பி வரும்போது பொன்ராணி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனில் மகளின் முகம் சிவந்திருந்தது.

"காப்புக் கட்டிட்டுக் கறிச் சால்னாவாம்மா? உனக்கு என்னம்மா ஆச்சு? ஆபரேஷன்தான் போச்சுன்னா, சாமிகூடவா?"

பொன்ராணி காப்புக் கயிற்றை இன்னொரு கையால் மூடிக்கொண்டிருந்தாள். காப்புக் கட்டிய நாளில் தெருவில் கறி வாசம் வந்தால் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துகிற பெண்பிள்ளை இந்தப் பழியைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தது தனசேகருக்கு விநோதமாக இருந்தது. அப்போதுதான் மகள் பதிவை வாசித்தாள்.

"பரோட்டா மூணு, சால்னா, கலக்கி. கடைசியா சால்னாவோட கடலை மிட்டாய். அதை யாராச்சும் சேத்துத் திம்பாங்களாம்மா?"

தனசேகருக்கு வயிற்றுக்குள் இருந்த பரோட்டா மூன்றும் கல்லாகிவிட்டது. அப்படியே வாசலோடு திரும்பி ஆஃப்ரின் கடைக்கு நடந்தார்.

"என் வயிறு என் வீட்டுக்கே போயிருக்கும்மா."

ஆஃப்ரின் நிமிரவில்லை. கையிலிருந்த போனின் திருகாணியை ரொம்ப அக்கறையாகக் கழற்றினாள்.

"ஏம்மா, சொல்லு. பக்கத்து இலை எப்பிடி ஜோடி சேக்குது?"

"நல்ல பதிவு வேணும்னு ஒருத்தர் கேப்பாங்க. கெட்ட பதிவு வேணும்னு இன்னொருத்தர் கேப்பாங்க. ரெண்டு பேரும் பக்கத்துல இருந்தா வயித்த மாத்தி விட்டுரும். அவ்வளவுதான்."

"கெட்ட பதிவு எவ கேப்பா? பச்சைக்காக ஊரே அலையுது."

"கேக்குறவங்க இருக்காங்க அண்ணாச்சி."

"என் வீட்டுக்காரி போன்ல இது தானா ஏறியிருக்குமா? தப்பா இணைஞ்சிருக்குமா?"

ஆஃப்ரின் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டுப் போடாம யாருக்கும் ஏறாது. இதுக்கு மேல என்கிட்டக் கேக்காதீங்க. உங்களப் பத்தி யாராவது கேட்டா நான் சொல்லுவனா?"

தனசேகர் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். தன் பேரில் விழுந்த கூழும் கீரையும் யாருடையது என்று இப்போது தெரிந்தது. புண்ணியவான் என்று தினம் வாழ்த்தினாரே, அந்தப் புண்ணியவான் அடுத்த அறையில் மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அந்தச் சால்னா என்னோடது" என்றார்.

"தெரியும்."

"எப்பிடி?"

"கடலை மிட்டாய்" என்றாள் பொன்ராணி. "நான் பதிவத் தொறந்து பாத்ததே இல்ல. நிதர்சனா வாசிக்கவும் தெரிஞ்சுபோச்சு. நீங்க ஆக்டோபஸ் தின்னப்பவே ஏதோ தகிடுதத்தம் நடக்குதுன்னு நெனச்சேன். ஆனா என் தலையிலயே வந்து விழும்னு நெனைக்கல. ஜிலேபி, லட்டுன்னு எதாவது விழும்னுதான் போட்டேன். காப்புக் கையோட கறிய எழுதிட்டீங்களே."

"நீ எதுக்குப் போட்ட? ஆபரேஷன் நின்னு போகும்னு தெரியாதா?"

"நிக்கணும்னுதான் போட்டேன். நானாத் தின்னு கெடுக்க மனசு வரல."

முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"எங்க பெரியக்கா சிரிச்சுக்கிட்டேதான் போய்ப் படுத்தா. பித்தப்பையில கல்லு, சின்ன ஆபரேஷன்னாங்க. எந்திரிக்கவே இல்ல. எனக்குப் பயமா இருக்கு. நீங்களும் உங்க மகளும் எனக்காக இந்த ஓட்டம் ஓடுறீங்க, உங்ககிட்டப் போயி வேண்டாம்னு எப்பிடிச் சொல்றது? பதிவு கெட்டு அதுவா நின்னு போச்சுன்னா யார் மேலயும் குத்தம் இல்லைன்னு நெனச்சேன்."

தனசேகருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவள் பயத்தை விழுங்கிக்கொண்டு கூழ் குடித்திருக்கிறாள், தான் அந்தக் கூழைக் காட்டி மகளிடம் பேர் வாங்கியிருக்கிறோம். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்து அவள் முனகலைக் கேட்டவருக்கு அவள் பயம் கேட்கவில்லை.

"சரி. வேண்டாம்னா வேண்டாம். நானே மகள்கிட்டச் சொல்றேன்" என்றார்.

அப்படி ஒரே பேச்சில் விட்டுக்கொடுப்பார் என்று பொன்ராணி எதிர்பார்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது. "ஒரு பந்தயம் வச்சுக்குவோம். இப்ப இணைப்ப அறுத்தா நலநிதிக்குச் சந்தேகம் வரும். அது பாட்டுக்கு இருக்கட்டும். பொங்கல் முடிய நீங்க பரோட்டாவத் தொடாம இருந்தா என் பதிவு தானாப் பச்சையாகும். அப்பிடி ஆச்சுன்னா நான் போய்ப் படுக்கிறேன். உங்க நாக்க நீங்க கட்டிட்டீங்கன்னா என் பயத்த நான் கட்ட மாட்டனா?"

தோற்பார் என்று நூற்றுக்கு நூறு நம்பித்தான் சொன்னாள். தனசேகர் கையை நீட்டினார். பொன்ராணி மிச்சமிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்துக் கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது விசித்திரம். அவள் பேருக்காக அவர் பத்தியம் இருந்தார், அவர் பேருக்காக அவள் பத்தியம் இருந்தாள். சாயங்காலம் ஆனால் பொன்ராணி ஜன்னலைத் திறந்து வைத்து, "கடையில இப்பத்தான் சட்டி காயுது போல" என்பாள். "பாவம், அரைப் பரோட்டா தின்னா அம்மன் ஒண்ணும் நெனைக்க மாட்டா, சால்னா மட்டும் வேண்டாம்" என்பாள். இவர் காப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டு கீரைச் சாதத்தை விழுங்குவார். கடைப் பக்கமே போகாமல் இரண்டு தெரு சுற்றி வந்தார். ஒருநாள் கடைக்காரரே வீட்டுக்கு வந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பொன்ராணியின் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. அது முழுப் பச்சையான அன்று அவள் முகத்தில் சந்தோஷமும் கலக்கமும் சேர்ந்தே தெரிந்தன. சொன்ன சொல்லை மீறுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

பொங்கலும் பங்குனியும் முடிந்ததும் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். முந்தின ராத்திரிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது, உள்பருப்பில் வெறும் வயிறு என்று காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். தனசேகருக்குத் திக்கென்றது. தான் ஒரு வாய் காபி குடித்தால் அது அவள் பேரில் விழுந்து தொலைக்குமே. அதனால் அவரும் வாயைக் கட்டினார். விடிகாலையில் அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது, பெரியக்காவைப்போலச் சிரிக்கக் கூடாது என்றே உதட்டை இறுக்கிக்கொண்டு போனாள். கதவு மூடியது.

இனிமேல் காபி குடித்தால் தப்பில்லை, அவள் பதிவை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. நிதர்சனா வாங்கி வந்து கையில் கொடுத்தாள். ஆறி ஆடை கட்டியது, தூக்கிக் கொட்டினார். இட்லி வாங்கி வந்தாள். அதையும் திறக்கவில்லை. மத்தியானம் ஆனது. கேன்டீனிலிருந்து பரோட்டா வாசம்கூட வந்தது. விருதுநகர்க்காரருக்கு மதுரைப் பரோட்டா என்றால் இளப்பம் என்பதால் அல்ல, நிஜமாகவே அவருக்கு அது வாசமாகத் தெரியவில்லை. உள்ளே இருப்பவள் எழுந்து வந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

மயக்கம் தெளிந்து வந்தாள். கண்ணைத் திறந்து, விட்டத்தைப் பார்த்து, மகளைப் பார்த்து, கடைசியில் இவரைப் பார்த்தாள். நாக்கு குழறியது.

"சாப்பிட்டீங்களா?"

"அதெல்லாம் காலையிலயே ஆச்சு. நாலு இட்லி."

நிதர்சனா போனைத் தூக்கிக் காட்டினாள். "எங்க சாப்பிட்டீங்க? நேத்து ராத்திரியிலேருந்து அப்பா பேர்ல ஒண்ணுமே இல்லம்மா. நான்தான் உள்பருப்பு கெட்டுப்போச்சோன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

தனசேகர் மனைவியின் காதருகில் குனிந்தார். "அது உன் வயிறு. மாத்திக் காட்டுது."

"என் வயிறு என்கிட்டத்தான் இருக்கு" என்றாள் பொன்ராணி மெதுவாக. "மயக்க மருந்து குடுக்கிற எடத்துல பொய் வேண்டாம்னு ஊர்லேருந்து கெளம்பும்போதே ஆஃப்ரின்கிட்டச் சொல்லி அவுத்துட்டேன். இது உங்க வயிறு."

இத்தனை நாள் உள்பருப்பை ஏமாற்ற ஊரெல்லாம் வயிறு தேடியவர், அது தன்னைப் பற்றி உண்மை சொல்கிற நேரத்தில் தானே பொய் சொல்லிக் கையும் களவுமாக மாட்டியிருந்தார். பொன்ராணி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் காப்புக் கட்டியிருந்த இடம் இன்னும் மஞ்சளாக இருந்தது.

"போங்க" என்றாள். "போயி ரெண்டு பரோட்டா தின்னுட்டு வாங்க. கேட்டா என் பேர்ல எழுதிக்கட்டும்."

"அது எப்பிடிம்மா உன் பேர்ல எழுதும்?" என்றாள் நிதர்சனா.

ஒருத்தர் விட்டத்தைப் பார்த்தார், ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். நிதர்சனா மாறி மாறிப் பார்த்தாள். மக்குப் பெண் இல்லை. ஆக்டோபஸிலிருந்து கடலை மிட்டாய்வரை ஒவ்வொன்றாக அவள் மனதில் கூடி வந்தது முகத்தில் தெரிந்தது. தனசேகர் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

நிதர்சனா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அப்பா, அந்தக் கடை எங்க இருக்கு?"

"பரோட்டாக் கடையா?"

"அது தெரியும். மத்த கடை."